மூக்கு முனையிலிருந்து அளந்த விலாக்கள்

அவளை நாங்கள் எல்லோரும் எங்கிருந்தம்மா என்றுதான் கூப்பிட்டோம். யார் எந்த அளவைச் சொன்னாலும் "எங்கிருந்து?" என்று கேட்காமல் அவளால் அடுத்த வேலைக்கு நகர முடியாது. கேன்டீன்காரர், "டீ வர இன்னும் பத்து நிமிஷம்" என்றால்கூட, "எங்கிருந்து பத்து? இப்போதிலிருந்தா, நீங்க அடுப்பு பத்த வச்சதிலிருந்தா?" என்பாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, முதல் கோப்பையை அவள் மேசையில் வைத்த பிறகே மற்றவர்களுக்கு ஊற்றுவார்.

சிறிய பயிற்சி விமானங்கள் செய்யும் தொழிற்சாலை அது. நான் அங்கே வரைபட அறையில் இருந்தேன். இதில் வரும் இரண்டு விசாரணைகளிலும் பேசியதைக் குறித்துக்கொண்டவன் நான்தான். நான் பார்க்காததை அவளே பிற்பாடு சொன்னாள். அவள் சொல்லாத எதையும் நான் சேர்க்கவில்லை.

விமானத்தின் இறக்கை வெளியிலிருந்து பார்க்க வழவழவென்று ஒரே பலகை போலத் தெரியும். மேல்தகட்டைக் கழற்றினால் உள்ளே குறுக்காக மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் பக்கவாட்டில் ஒரு மீன் போல இருக்கும்: முன்னால் உருண்ட மூக்கு, பின்னால் கூரான வால். அவற்றை ரிப் என்பார்கள். நான் விலா என்றே எழுதுகிறேன். எல்லா விலாக்களின் வயிற்றையும் துளைத்துக்கொண்டு, விமான உடலை ஒட்டிய முனையிலிருந்து இறக்கையின் நுனி வரை ஒரு நீளத் தண்டு போகும். பாரத்தைத் தாங்குவது தண்டு. உருவத்தைக் கொடுப்பது விலா.

மாடியில் இருந்த வடிவமைப்புப் பிரிவிலிருந்து விலாவின் படம் வராது. எண்கள்தான் வரும். ஒரு வரிக்கு இரண்டு எண்: மூக்கிலிருந்து எவ்வளவு பின்னால், நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே. கீழே கோடு போடும் கூடத்தில் அந்த எண்களைப் படித்து, தகட்டின்மேல் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்து, விலாவை அதன் முழு அளவில் கீறிக் கொடுப்பது அவள் வேலை. படிப்பது என்றால் வாய்விட்டு வாசிப்பது இல்லை. எண்ணை எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று கண்டுபிடிப்பது. சிலர் வாலில் தொடங்கி, முதுகு வழியாக மூக்குக்கு வந்து, வயிறு வழியாக வாலுக்குத் திரும்புவார்கள். வேறு சிலர் மூக்கிலிருந்து முதுகை எழுதி முடித்துவிட்டு, மறுபடி மூக்குக்கு வந்து வயிற்றை எழுதுவார்கள். எந்த வழியில் எழுதியிருக்கிறோம் என்று பலர் தலைப்பில் சொல்வதே கிடையாது. இரண்டாவது வகையை முதல் வகை என்று நினைத்து வரிசையாகக் கோடு இழுத்தால், வாலிலிருந்து மூக்குக்கு மீனின் நடுவே கத்தி போட்டதுபோல ஒரு வெட்டு விழும். அப்படி இழுத்த ஒருவரை ஓய்வுபெறும் நாள் வரைக்கும் மீன்வெட்டி என்றே கூப்பிட்டார்கள். பிரிவுபசாரப் பேச்சில் மேலாளரே வாய் தவறி "நமது மீன்வெட்டி அவர்கள்" என்று ஆரம்பித்துவிட்டார்.

அவள் எதையும் வெட்டவில்லை. தகட்டில் கீறும் ஊசியை எடுக்கும் முன் எண்களின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போவாள். சந்தேகம் வந்த இடத்தில் விரல் நிற்கும். மாடிப்படி ஏறுவாள். "எங்கிருந்து?"

மாடியில் எண்கள் எழுதுகிறவர்களுக்குத் தலைவர், அவளுடைய அக்காவின் கணவர். வேலையிடத்திலும் அவரை அத்தான் என்றே அழைத்தாள். அதனால் முதுகுக்குப் பின்னால் எங்களுக்கும் அவர் அத்தான்தான். கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு வளைவைப் பார்த்தவுடன் காற்று எங்கே பிய்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிடுவார். எண்களை எழுதச் சலிக்கவே மாட்டார். எண்களுக்கு மேலே விளக்கமாக ஒரு வரி எழுதச் சொன்னால்தான் முகம் சுருங்கும். "தெரிஞ்சவனுக்கு எதுக்கு எழுதணும்? தெரியாதவனுக்கு எழுதி என்ன ஆகப்போகுது?" என்பார். அந்த வரியை அவருக்காக வருடக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தது அவளுடைய கேள்விதான்.

இனி முறுக்கு. இறக்கையின் நுனிப்பக்கம் போகப்போக விலாவின் மூக்கைச் சற்றே கீழே குனிய வைப்பார்கள். நுனி திடீரென்று காற்றில் பிடி விட்டு, விமானம் ஒருபக்கமாகச் சாயாமல் இருக்க இது வேண்டும். நுனி விலாவுக்கு மூன்று டிகிரி என்று எழுதியிருக்கும். எந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு மூன்று டிகிரி திருப்புவது? மூக்கு முனையைப் பிடித்துத் திருப்பலாம். மூக்கிலிருந்து கால் பங்கு தூரம் உள்ளே, தண்டு போகிற இடத்தைப் பிடித்தும் திருப்பலாம். கோணம் ஒன்றுதான், மீனும் ஒன்றுதான். ஆனால் தண்டுக்கான ஓட்டையை எல்லா விலாக்களிலும் ஒரே நேர்கோட்டில் வெட்டுவார்கள். தப்பான புள்ளியைப் பிடித்துத் திருப்பினால், நுனியில் மீன் ஒரு விரல் பருமன் மேலேயோ கீழேயோ நகர்ந்திருக்கும், ஓட்டை இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஒருமுறை வெளியிலிருந்து வாங்கிய ஓர் இறக்கையின் எண்கள் வந்தன. அத்தான் அவற்றைச் சுத்தமாகப் படியெடுத்துக் கீழே அனுப்பினார். மூன்று டிகிரி என்று இருந்தது. எங்கிருந்து என்று இல்லை. அன்று அவர் விடுப்பில் இருந்தார். அவள் அக்கா வீட்டுக்கே போனாள். அவர் சமையலறையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், முறுக்கு மூணு டிகிரின்னு போட்டிருக்கு. எங்கிருந்து?"

"எங்கிருந்துன்னா?"

"எதைப் பிடிச்சுத் திருப்பறது? மூக்கா, கால் பங்கா?"

"கால் பங்குதான். நான் என்னிக்கு மூக்கைப் பிடிச்சுத் திருப்பியிருக்கேன்? வீட்டுக்கு வந்தாலும் விடமாட்டியா நீ?"

அவர் சொன்னது உண்மைதான். அவர் மனதில் உலகத்து இறக்கைகள் எல்லாம் கால் பங்கைப் பிடித்தே திரும்பின. ஆனால் இந்த இறக்கை அவருடையது இல்லை. அதை வரைந்தவர்கள் மூக்கைப் பிடித்துத் திருப்பியிருந்தார்கள். மூலத்தை எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை. தண்டு வேறிடத்தில் மூக்குக் கணக்கில் தயாராகி வந்தது. விலாக்கள் கால் பங்கில் நின்றன. ஒன்றோடொன்று சேரவில்லை. ஓர் இறக்கைக்கான தகடு முழுவதும் குப்பை.

விசாரணை வைத்தார்கள். அத்தான் நிதானமாகப் பேசினார். "பேப்பர்ல குறிப்பு இல்லைன்னா கேக்கணும். எல்லாத்துக்கும் கேக்கறவங்க இதுக்கு மட்டும் என்கிட்ட கேக்கவே இல்லை."

அவள் அவரையே பார்த்தாள். "கேட்டேன். உங்க வீட்டுச் சமையலறையில கேட்டேன்."

"பக்கத்தில் யாராவது இருந்தார்களா?" என்று விசாரணைத் தலைவர் கேட்டார்.

அவள் கண் ஒருமுறை வாசலுக்குப் போய் வந்தது. அப்புறம், "யாரும் இல்லை" என்றாள். அப்படியே நான் குறித்துக்கொண்டேன். முடிவில் "கேட்கவேண்டியதைக் கேட்காத குற்றம்" என்று அவள் பெயருக்கு நேரே ஏறியது. வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தவளுக்கு அந்த வார்த்தை.

கூடத்திலிருந்து அவளை எடுத்து, சாமான் அறையில் ரிவெட் ஆணிகளை எடைபோட்டுப் பொட்டலம் கட்டும் வேலையில் வைத்தார்கள். அந்தச் சூட்டோடு அத்தான் ஒரு விதிப் புத்தகம் எழுதினார். வெளியிலிருந்து வரும் இறக்கைகளில் இனி இப்படி நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் என்று சொல்லிக்கொண்டார். அதன் ஏழாம் விதி எனக்கு இன்றும் மனப்பாடம். திருப்பும் புள்ளி எழுத்தில் குறிக்கப்படாத இடத்தில் மூக்கு முனையே ஆதாரம். இதுகுறித்து வாயாலோ எழுத்தாலோ கேள்வி எழுப்பி நேரத்தை வீணாக்கக் கூடாது. கடைசிப் பாதி யாரைக் குத்துவதற்கு என்று தொழிற்சாலைக்கே தெரியும். சாமான் அறைச் சுவரில் யாரோ அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். அவள் கிழிக்கவில்லை. நாலு மூலையிலும் நன்றாகப் பசை தடவி மறுபடி ஒட்டினாள்.

அவள் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது ஒருநாள் அக்காவும் அத்தானும் பார்க்க வந்தார்கள். உறவுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நம்ம எங்கிருந்தம்மா இப்ப ஆணி எடை போடறாங்க, தெரியுமில்ல? ஒரு ஆணி எத்தனை கிராம்னு கேட்டுப் பாருங்க. எங்கிருந்துன்னு திருப்பிக் கேக்காம சொல்லுவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனபின் அம்மா, "அவர் ஏதோ வேடிக்கைக்குச் சொல்றாரும்மா. மனசுல வச்சுக்காதே" என்றாள்.

"எனக்கும் ஒரு வேடிக்கை தோணும்மா. கொஞ்சம் நேரம் எடுக்கும்."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என்னிடமே சொல்லியிருக்கிறாள். அதே அறையில் அவர் உட்கார வேண்டும். "அவள் என்னிடம் கேட்கவே இல்லை" என்று அதே வாயால் சொல்ல வேண்டும். இந்த முறை அது உண்மையாக இருக்க வேண்டும், உண்மையாக இருந்தும் அவருக்கு உதவக் கூடாது. அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவளோடு இருந்தது இந்த ஆசைதான். வேலைக்குக் கிளம்பும்போது கதவைப் பூட்டுவது போல அதையும் சரிபார்த்துவிட்டுத்தான் போவாளாம்.

பிறகு தொழிற்சாலை, விலா வெட்டும் வேலையை வெளியே ஒரு பட்டறைக்குக் கொடுத்தது. அதன் முதலாளியைத் தகட்டுக்காரர் என்பார்கள். அவருக்கு வெட்டும் இயந்திரம் இருந்தது, எண்களைப் படிக்கிற ஆள் இல்லை. ஆணிப் பொட்டலத்தை வைத்துவிட்டு அவள் அங்கே போய்ச் சேர்ந்தாள். தகட்டுக்காரர் தங்கமான மனிதர், பயந்த சுபாவம். இயந்திரம் ஓட்டுகிறவருக்குச் சுருட்டை என்று பெயர். தலையில் ஒரு மயிர் கிடையாது. எண்கள் இப்போது கம்ப்யூட்டர் ஃபைலாக வந்தன. தலைப்பில் இத்தனை புள்ளிகள், இந்த வரிசை, வெளிப்பக்க அளவா உள்பக்க அளவா, முறுக்கு எவ்வளவு, திருப்பும் புள்ளி எது என்று வரிசையாக இடம் விட்டிருக்கும். நிரப்புவது அனுப்புகிறவர் பாடு. பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும் ஆன ஒப்பந்தத்தின் பின்னால் அத்தானின் விதிப் புத்தகம் அப்படியே கோத்திருந்தது.

மற்றவர்கள் அனுப்பிய ஃபைல்களில் அவள் விதியைப் பார்க்கவே இல்லை. இடம் காலியாக இருந்தால் தொலைபேசியை எடுத்து, "எங்கிருந்து?" என்பாள். மாடியில் இருந்த சின்னவர்களுக்கு அது பிடிக்கும். அத்தானிடம் கேட்காமலே பதில் சொல்லிவிடுவார்கள்.

அத்தான் ஓய்வுபெறும் வருடம் வந்தது. கடைசியாக ஓர் இறக்கை, முழுக்க அவரே வரைந்தது. அது நன்றாக வந்தால் ஓய்வுக்குப் பிறகும் ஆலோசகராக வைத்துக்கொள்வதாகப் பேச்சு. மாடியில் அவருக்கென்று ஓர் அறைக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. அந்த இறக்கையின் ஃபைலை அவர் யாரிடமும் கொடுக்காமல் தன் கையாலேயே தயார் செய்தார். அது நேராக அவள் மேசைக்கு வந்தது.

புள்ளிகளின் எண்ணிக்கை சரி. வரிசை, வாலில் தொடங்கி வாலுக்குத் திரும்புவது. அளவு, வெளிப்பக்கம். நுனி முறுக்கு மூன்று டிகிரி. திருப்பும் புள்ளி என்ற இடம் காலி.

அவள் கை பழக்கத்தில் தொலைபேசிக்குப் போனது. பாதியில் நின்றது.

அவருடைய இறக்கை என்றால் கால் பங்குதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் ஊகத்தை நம்புகிறவள் இல்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அவள் எழுந்திருக்கவில்லை. நுனி விலாவை இரண்டு விதமாகவும் திரையில் வரைந்தாள். கூடவே வந்திருந்த தண்டின் அளவை எடுத்து இரண்டிலும் வைத்துப் பார்த்தாள். கால் பங்கைப் பிடித்துத் திருப்பினால் தண்டு முதுகுக்கும் வயிற்றுக்கும் நடுவே அடங்கி உட்கார்ந்தது. மூக்கைப் பிடித்துத் திருப்பினால் மீன் மேலே ஏறிவிட்டது. தண்டு வயிற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு விரல் பருமன் வெளியே தொங்கியது.

எழுதியவர் மனதில் இருந்தது என்ன என்பதில் இப்போது சந்தேகம் இல்லை. எழுதியிருப்பது என்ன என்பதிலும் சந்தேகம் இல்லை.

அடுத்து அவள் பார்த்தது ஒன்றை மட்டும். இந்தத் தவறோடு இறக்கை எப்படியாவது பூட்டப்பட்டு, யாராவது அதில் ஏறிவிடுவார்களா? தண்டு வெளியே தொங்கினால் வயிற்றுப்பக்கத்துத் தகடு மூடாது. மூடாத இறக்கையை ரிவெட் அடிக்க முடியாது. அடித்துத் தொலைக்கலாம் என்று முரட்டுத்தனம் காட்டவும் இடமில்லாத அளவுக்கு அது தப்பு. மேலே பறக்கப்போவது யாரும் இல்லை. கீழே விழப்போவது ஒருவர்தான். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

சுருட்டை திரும்பி வந்து இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "என்னக்கா, இன்னிக்கு மாடிக்கு ஃபோன் போடலையா? இந்த இடம் காலியா இருக்கே" என்றார்.

"ஏழாம் விதி இருக்கே. குறிப்பு இல்லைன்னா மூக்கு."

துணியைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க விதி பேசறீங்களா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் ரொம்ப நல்லா இருக்கேன்."

"ஒரே ஒரு ஃபோன்கா. எங்கிருந்துன்னு ஒரு வார்த்தை. நீங்க கேக்காம இந்த மிஷின் ஓடினதே இல்லை. அதுக்கே சந்தேகம் வந்துடும்."

"கேட்டா நேரம் வீணாகுமாம். புத்தகத்துல போட்டிருக்கு. வெட்டுங்க."

சுருட்டை போய்த் தகட்டுக்காரரைக் கூட்டிவந்தார். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நம்ம தலையில விழுமாம்மா?"

"விழாது. விதிப்படி வெட்டினா கூலி அவங்க கொடுத்தாகணும். மறுபடி வெட்டச் சொன்னா மறுபடியும் கொடுத்தாகணும்."

"மறுபடி வெட்டச் சொல்லுவாங்களா என்ன?"

அவள் திரையை அணைத்தாள். அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கு எதுவும் தெரியாது. நான் வங்கிக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டார். அன்று வங்கி விடுமுறை.

விலாக்கள் வெட்டி முடிந்தன. தொழிற்சாலையின் சோதனைக்காரர் வந்து ஒவ்வொன்றாக அளந்தார். அவரும் ஃபைலையும் விதியையும் கையில் வைத்துக்கொண்டுதான் அளந்தார். எல்லாம் மயிரிழை பிசகாமல் இருந்தன. "உங்க வேலையே வேலைதாம்மா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இறக்கையைப் பூட்டுகிற நாளில் அத்தான் புதுச் சட்டையில் வந்தார். விமானம் வாங்கப் போகிறவர்கள் வந்திருந்தார்கள், படம் எடுக்க ஆள் வந்திருந்தார். விலாக்களை வரிசையாகத் தாங்கிகளில் நிறுத்தினார்கள். தண்டை விமான உடல் பக்கத்து முனையிலிருந்து தள்ளினார்கள். முதல் சில விலாக்களில் வெண்ணெயாகப் போனது. நடுவுக்கு வந்தபோது பூட்டுகிறவர் குனிந்து பார்த்தார். நுனிக்கு வந்தபோது மண்டியிட்டுப் பார்த்தார். "ஐயா, வயிறு பிளந்துக்குதுங்க" என்றார் சத்தமாக. அத்தான், "தள்ளுய்யா, உக்காந்துடும்" என்றார். தண்டு தாராளமாக நுழைந்தது. விலாவுக்குள்ளே நிற்க மாட்டேன் என்றது. படம் எடுக்கிறவர் ஒன்றும் புரியாமல் அதையும் ஒரு படம் எடுத்தார். அந்தப் படம்தான் விசாரணையில் மேசைமேல் வைக்கப்பட்டது.

அதே அறை. தலைவர் மட்டும் புதியவர். அத்தானின் குரல் பழைய நிதானத்தோடுதான் ஆரம்பித்தது.

"காலியா இருந்தா கேட்டிருக்கணும். வேற யாரோட ஃபைல் வந்தாலும் ஃபோன் போட்டுக் கேக்கறவங்க. என்கிட்ட கேக்கவே இல்லை."

அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வாக்கியம் முடியும்வரை காத்திருந்தாள். எனக்கு அவள் முகம் நேரே தெரிந்தது. சாப்பாடு ருசியாக இருக்கும்போது சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். அப்படி ஒரு கணம் மூடித் திறந்தாள்.

"ஆமாம்" என்றாள். "இந்தத் தடவை கேக்கலை."

தலைவர் நிமிர்ந்தார். "ஏன் கேட்கவில்லை?"

"ஏழாம் விதி, சார். வாயாலோ எழுத்தாலோ கேக்கக் கூடாது. மூக்கு முனையே ஆதாரம்."

தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வாய்விட்டுப் படித்தார். கடைசிப் பாதியை இரண்டாம் முறை படித்தார். "இதை யார் எழுதியது?"

புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியும்" என்றார் அத்தான். இப்போது அவர் தலைவரிடம் பேசவில்லை. "என் இறக்கை கால் பங்குன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே செஞ்சே."

"தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு எழுதணும், அத்தான்?"

அறையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

பெயிண்ட் அடித்த அறை வேறு ஒருவருக்குப் போனது. அத்தான் ஓய்வுபெற்ற அன்று பிரிவுபசாரம் சுருக்கமாக முடிந்தது. ஏழாம் விதியை நீக்கி, காலியிடத்தோடு வரும் ஃபைலைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று எழுதினார்கள். இறக்கை நல்ல இறக்கை. புள்ளியைக் குறித்துப் புதிய ஃபைல் வந்தது. அவள் படித்தாள், சுருட்டை வெட்டினார், தண்டு சரியாக உட்கார்ந்தது. அது பறந்தபோது வேறு ஒருவருடைய கையெழுத்தோடு பறந்தது. தகட்டுக்காரருக்கு இரண்டு முறையும் கூலி வந்தது.

பின்னொரு நாள் நான் அவளிடம் கேட்டேன், கொஞ்சமாவது வருத்தம் உண்டா என்று. யோசித்துத்தான் சொன்னாள். "அலுமினியம் வீணாச்சேன்னு ரெண்டு நாள் கஷ்டமா இருந்தது. நல்ல தகடு."

வீணான விலாக்களைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். நுனி விலா ஒன்றை மட்டும் அவள் கேட்டு வாங்கிக்கொண்டு போய், வீட்டுக் கதவுக்குப் பின்னால் சுவரில் மூக்கு மேலே இருக்கும்படி நிமிர்த்தி மாட்டினாள். தண்டுக்கு வெட்டிய ஓட்டை பையோ குடையோ தொங்கவிட வசதியாக இருந்தது.

ஒரு மழைநாளில் அக்கா வந்தாள். அம்மா போன பிறகு அவள் அந்த வீட்டுப் படியேறியது அப்போதுதான். சொட்டச் சொட்ட வந்தவள், குடையை மடக்கி அந்த ஓட்டையில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"அவர் யார்கிட்டயும் பேசறதில்லை" என்றாள் அக்கா. "சுவரைப் பாத்துட்டே உக்காந்திருக்கார்."

"நல்ல சுவரா?"

"வேணும்னே செஞ்சியா?"

"ஆமாம்."

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. மறுப்பாள், சண்டை போடலாம் என்று தயாராக வந்திருந்தாள். புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "எத்தனையோ வருஷம் ஆச்சு. அன்னிக்கு அவர் பண்ணினது தப்புதான். நான் இல்லைன்னு சொல்லலை."

"அன்னிக்கு அவர் என்கிட்ட சொன்னாரா, இல்லையா?"

"அதை ஏன் என்கிட்ட கேக்கறே?"

"நீ அடுப்புகிட்டதானே நின்னுட்டிருந்தே. பால் பொங்கிடுச்சுன்னு துணி தேடினே. அவர் கால் பங்குன்னு சொன்னப்போ உன் கையில அந்தத் துணி இருந்தது."

அக்கா ஈரத் தலைப்பின் நுனியைப் பிழிந்தாள்.

"விசாரணையில கேட்டாங்க, பக்கத்துல யார் இருந்தாங்கன்னு" என்றாள் அவள். "யாரும் இல்லைன்னு சொன்னேன். உன்னை இழுத்துவிடக் கூடாதுன்னு. நீயே வந்து சொல்லுவேன்னு நினைச்சேன். அன்னிக்கு வரலை. அடுத்த நாள் வரலை. ஆணி எடை போட்ட அத்தனை வருஷமும் வாசலைப் பாத்துட்டுதான் போட்டேன்."

"நான் என்ன செஞ்சிருக்க முடியும்? ரெண்டு பொண்ணுங்களை வச்சுட்டு..."

"ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நான் அவர்கிட்ட அந்த ஃபைலுக்குக் கேக்காம விட்டதும் ஒரு வார்த்தைதான். கணக்கு சரியாப் போச்சு."

அக்கா எழுந்தாள். கதவருகே போய்க் குடைக்காகக் கை நீட்டினாள். அப்போதுதான் அது என்ன தகடு என்று பார்த்தாள். உருண்ட மூக்கு, கூரான வால், வயிற்றில் கீழ்விளிம்பு வரை பிளந்து நிற்கிற ஓட்டை. கணவர் வீட்டில் அந்த உருவத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். அவள் கை பாதியில் நின்றது. தொடாமலே கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அவள் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். அக்கா தெருவில் தலைமேல் கைப்பையை வைத்துக்கொண்டு மழையில் நடந்தாள். திருப்பம் வரை கூப்பிடு தூரம்தான். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள்.

கூப்பிடவில்லை. அந்தக் குடை இன்னும் விலாவில்தான் தொங்குகிறது. நான் போனபோது பார்த்தேன். காய்ந்து, மடிப்பில் தூசி படிந்திருந்தது. என் குடையை மாட்ட அதைச் சற்று நகர்த்தலாமா என்று கேட்டேன். "அதைத் தொடாதீங்க. நீங்க கீழே வச்சுக்குங்க" என்றாள்.